“பேப்பர் மக்கும்தானே டீச்சர்?” – பள்ளிப் பிள்ளைகளுக்குக் குப்பை பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது

சாக்பீஸ் டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மொத்தம் 142 பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டி வந்தது. பச்சையில் ‘மக்கும் குப்பை’, நீலத்தில் ‘மக்காத குப்பை’ என்று எழுதியிருந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் மூன்று நாள் பேசினேன், படம் வரைந்து ஒட்டினேன், உறுதிமொழியும் எடுக்கவைத்தேன். நன்றாகப் போகிறது என்றுதான் நம்பியிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய், மரத்தடியில் தார்ப்பாய் விரித்து இரண்டு தொட்டியையும் கொட்டிப் பார்த்தோம். பச்சையில் பாதிக்கு மேல் காகிதம்: கிழித்த நோட்டுத்தாள், போண்டா மடித்த செய்தித்தாள், ஆசிரியர்களுக்கு டீ வந்த பேப்பர் கப். கூடவே முட்டை ஓடு, பென்சில் சீவல். நீலத்தில் சிப்ஸ் பாக்கெட், சாக்லேட் தாள், ரீஃபில், பால் கவர், ஒரு உடைந்த பல்பு. சில பாக்கெட்டுகளுக்குள் மீந்த சோற்றைப் போட்டுச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை.

“பேப்பரை ஏன்டா பச்சையில போட்டீங்க?” என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: “பேப்பர் மக்கும்தானே டீச்சர்? மரத்துல இருந்து வர்றது எல்லாம் மக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

சொன்னேன்தான். அவன் படித்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்கள் பள்ளிகளில், ஊர்களில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? காகிதம், தேங்காய்ச் சிரட்டை, பேப்பர் கப் இதெல்லாம் எங்கே போக வேண்டும்?

---

பேரூராட்சிக்காரர்

டீச்சர், நான் இருபத்தோரு வருஷம் பேரூராட்சியில தூய்மைப் பணி மேற்பார்வையாளரா இருந்து ஓய்வு பெற்றவன். உங்க பையன் கேட்டது எங்க ஊர்ல பெரியவங்களே கேட்ட கேள்வி. ‘மக்கும், மக்காத’ங்கிற சொல்லுதான் இடிக்குது. எலும்பு மக்குமா, தேங்காய் மட்டை மக்குமா, பருத்தித் துணி மக்குமான்னு ஒவ்வொண்ணுக்கும் பட்டிமன்றம் நடக்கும்.

நாங்க வீடு வீடாப் போனப்போ ‘ஈரக் குப்பை, உலர் குப்பை’ன்னு மாத்திச் சொன்னோம். அப்புறம்தான் ஜனங்களுக்குப் பிடிபட்டது. சமையலறையில இருந்து வர்றது, சாப்பிட்டு மீந்தது, பழத்தோல், பூ எல்லாம் ஈரம். காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகரம், துணி எல்லாம் உலர். காகிதம் மக்கும்தான், யார் இல்லைன்னா? ஆனா காய்ஞ்சு இருந்தா அது சரக்கு, திரும்பக் காகிதம் ஆகும். நனைஞ்சு சோத்தோட ஒட்டிட்டா அதுக்கு விலையும் இல்ல, வேலையும் இல்ல.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லிக்கொடுங்க: “இது அடுத்து யார் கைக்குப் போகுது?” எங்க வளம் மீட்புப் பூங்காவுல, அதாவது ஊர்க் குப்பையைப் பிரிக்கிற இடத்துல, ஈரக் குப்பை உரத்தொட்டிக்குப் போகும். உலர் குப்பை ஒரு நீள மேஜைக்கு வரும். அங்க நிக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். பால் கவர் தனி, அட்டை தனி, பாட்டில் தனின்னு கையாலதான் எடுப்பாங்க. யாரும் வாங்காத பிளாஸ்டிக்கைக் கட்டுக்கட்டி அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவோம், சூளையில எரிக்க. சோறு சுருட்டின சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறதும் அந்தக் கைதான், உடைஞ்ச பல்புல கிழிபடுறதும் அந்தக் கைதான்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே குப்பையை உண்டாக்குறவங்கதான் பிரிச்சுத் தரணும்னு இருந்துச்சு. மூணா: மக்குறது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து எல்லாம் அந்த மூணாவது. உங்ககிட்ட ரெண்டு தொட்டிதான் இருக்குன்னு சொல்றீங்க. ஒரு பழைய பெயின்ட் வாளி வெச்சாப் போதும்.

---

பழைய பேப்பர்

எங்க அப்பா காலத்துல இருந்து பழைய பேப்பர், இரும்புக் கடை வெச்சிருக்கோம். டீச்சர் கேட்டதுக்கு நான் கடைக்காரனா பதில் சொல்றேன்.

பிள்ளைங்களுக்குப் படம் காட்டாதீங்க, பொருளையே கையில குடுங்க. எங்க கடையில புதுசா வேலைக்கு வர்ற பையனுக்கும் அப்படித்தான் பழக்குவோம். பால் கவரை ரெண்டு கையால இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, நீளும். பிஸ்கட் கவர் நீளாது, சரசரன்னு சத்தம் போடும். சிப்ஸ் பாக்கெட்டை உள்ளங்கையில கசக்கிட்டு விட்டா மறுபடி விரியும். சுத்தமான அலுமினியத் தாளைக் கசக்கினா கசங்கின மாதிரியே இருக்கும். சிப்ஸ் பாக்கெட் உள்ள பளபளன்னு வெள்ளி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக்தான், மேல மெல்லிசா அலுமினியப் பூச்சு. அந்த அடுக்கைப் பிரிக்க முடியாது, அதனால நாங்க எடுக்கறதில்ல. பத்து கிலோ சும்மா குடுத்தாலும் எடுக்க மாட்டோம்.

தண்ணி பாட்டில் வேற பிளாஸ்டிக், மூடி வேற பிளாஸ்டிக். பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள 1-னு போட்டிருக்கும். ஷாம்பு டப்பாவுல பெரும்பாலும் 2, டிபன் டப்பாவுல 5. பிள்ளைங்க இந்த நம்பரைத் தேடறதை விளையாட்டு மாதிரி செய்வாங்க. பாட்டிலைத் துண்டு துண்டா வெட்டிக் கழுவி, உருக்கி நூலாக்கி, திருப்பூர்ல அதுல பனியன் தைக்கிறாங்க. இதை ஒரு பையன்கிட்ட சொன்னேன், போட்டிருந்த பனியனையே தொட்டுத் தொட்டுப் பாத்தான்.

அப்புறம் பேப்பர் கப். பேரு பேப்பர், ஆனா உள்ள பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். நம்பலைன்னா ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டுக் காலையில உரிச்சுப் பாருங்க. காகிதம் கூழாப் போயிரும், கண்ணாடி மாதிரி ஒரு தாள் மட்டும் கையில நிக்கும். எங்களுக்கும் வேணாம், உரக்குழிக்கும் ஆகாது.

---

சாக்பீஸ் டீச்சர்

அண்ணா, இன்றைக்கே இரண்டு கப் ஊறப்போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடையில் இருக்கிறது. அது ஆசிரியர் அறைக்கு எப்படித் தினமும் வந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் நாங்கள்தான் பேச வேண்டும்.

---

வண்ணாரப்பேட்டை வாசு

நல்ல விஷயம்தான், ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் பொண்ணு படிச்ச ஸ்கூல்ல ரெண்டு வருஷம் ரொம்ப ஒழுங்காப் பிரிச்சாங்க. பசங்க பெருமையா வீட்டுல வந்து எங்களைக் கேள்வி கேப்பாங்க. ஒரு நாள் வண்டி வந்துச்சு. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி ரெண்டையும் ஒரே வண்டியில கவுத்துட்டுப் போயிட்டாங்க. இன்டர்வெல் நேரம். பசங்க அத்தனை பேரும் பாத்துட்டாங்க.

அதுக்கப்புறம் என் பொண்ணு வீட்டுலயும் பிரிக்கல. “எதுக்குப்பா, கடைசில ஒண்ணாத்தானே போவுது”ன்னுச்சு. பத்து வயசுப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குல மலை மாதிரி கிடக்குதே, அது பூரா இப்படிக் கலந்து வந்ததுதானே. குழந்தைங்ககிட்ட ஒண்ணு சொல்லிக்கொடுத்தா, அது கடைசி வரைக்கும் நிஜமா இருக்கணும். பாதியில பொய்யாப் போனா, சொல்லாம இருந்ததை விட மோசம்.

---

பேரூராட்சிக்காரர்

வாசு சார் சொல்றது உண்மை. நான் வேலையில இருந்த ஊர்லயும் இது நடந்திருக்கு, மறைக்க மாட்டேன். வண்டிக்கு ஆள் குறைவு, தடுப்பு வெச்ச வண்டி ரிப்பேர்னு காரணம் இருக்கும். பிள்ளைக்கு அந்தக் காரணம் தெரியாதே. என் யோசனை, பள்ளிக்கூடத்து ஈரக் குப்பையை வண்டிக்கே குடுக்காதீங்க. காம்பவுண்டுக்குள்ளயே முடிச்சிருங்க.

---

வேப்பமரத்தடி

அதையேதான் சொல்ல வந்தேன். நானும் ஆசிரியர், தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் பள்ளியில் ஈரக் குப்பை வாசலைத் தாண்டி நான்கு வருடம் ஆகிறது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கிணற்றுக்குப் போடும் சிமென்ட் உறை இரண்டு வாங்கி, மரநிழலில் தரையோடு வைத்தோம். பக்கத்தில் காய்ந்த இலைக்கு ஒரு கம்பிவலைக் கூண்டு. சத்துணவுக்கூடத்தில் நறுக்கிய காய்த்தோல் ஒரு கூடை போட்டால், இலைச்சருகு இரண்டு கூடை போட வேண்டும். முதலில் கொஞ்சம் புளித்த மோர் அல்லது சாணிக் கரைசல். வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு போதவில்லை என்று அர்த்தம். நாற்றம் வந்தாலும் அதே மருந்துதான், சருகு. ஒரு உறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்குவோம். எங்கள் வெயிலில் இரண்டு மாதத்துக்குள் கறுப்பாக, மழை பெய்த மண்வாசனையோடு கிடைத்துவிடுகிறது.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அப்படியே கிடக்கும். பென்சில் சீவல் தாராளமாகப் போடலாம். சாம்பார் ஊற்றிய சோறு மட்டும் நிறைய வேண்டாம், எலி வரும். எங்கள் ஊரில் அதற்கு ஏற்கனவே இடம் இருக்கிறது: பள்ளிக்குப் பின்வீட்டு மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி. நம் பாட்டிமார் வீட்டில் ஈரக் குப்பை என்று ஒன்று இருந்ததா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தோல் ஆட்டுக்கு, கழுநீர் மாட்டுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க. என் வகுப்பில் அரை மணி நேரம் இதையே பேசினார்கள், நான் குறுக்கே போகவில்லை.

புழுவைப் பார்த்ததும் முதல் மாதம் அலறினார்கள். அது கெடுதல் செய்யாத ஈயின் புழு, அதுதான் நமக்காக வேலை செய்கிறது என்று காட்டிய பிறகு தினமும் எட்டிப் பார்க்கிறார்கள்.

---

பெங்களூரு அப்பா

ஒரு சின்ன விஷயம். நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லிக்கொடுக்காதீங்க. இங்கே 2015 டிசம்பர்ல உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் ‘ரெண்டு தொட்டி, ஒரு பை’ன்னு வந்தது. ஈரத்துக்குப் பச்சை, நாப்கின் டயாப்பர் மாதிரிக் கழிவுக்குச் சிவப்பு, உலர் குப்பைக்குப் பை. ஊர்ல இருந்து வந்த என் அண்ணன் பையன் நீலத் தொட்டியத் தேடிக்கிட்டு நின்னான். 2016 விதியிலயே மறுசுழற்சிக்கு வெள்ளைன்னு இருந்தது, தூய்மை இந்தியா தொட்டிங்க நீலமா வருது. ரயில்வே ஸ்டேஷன்ல ஒண்ணு, ஏர்போர்ட்ல ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு பொருளைத் தொட்டே சொல்ற மாதிரி பழக்கணும்.

---

காலனித் தெரு

எல்லாரும் நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த பள்ளியிலும் குப்பை விஷயத்தில் ‘பயிற்சி’ இருந்தது. மைதானத்தில் குப்பை பொறுக்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் பெயர் மட்டும்தான் வரும். சார் பட்டியல் எழுதி வைத்ததில்லை. அவர் கண் நேராக எங்கள் பெஞ்சுக்கு வரும், அவ்வளவுதான். மற்றவர்கள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் அம்மா வீதி கூட்டும் வேலையில் இருந்தார். ஒரு நாள் நான் மைதானத்தில் பொறுக்கிக்கொண்டிருந்ததைக் கம்பிவேலிக்கு வெளியே இருந்து பார்த்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. “நான் அள்ளுறது நீ அள்ளக் கூடாதுன்னுதானே உன்னை அங்க அனுப்புறேன்” என்றார்.

ஆகவே டீச்சர், தார்ப்பாய் விரித்துக் கொட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது என் மனம் முதலில் கேட்ட கேள்வி: குனிந்து பிரித்தது யார்? திரும்ப வாரியது யார்?

பிரிக்கக் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனவன் கையில் இருப்பதை அவனவன் சரியான தொட்டியில் போடுவது கல்வி. அடுத்தவன் கலந்து போட்டதை ஒரு பிள்ளை உட்கார்ந்து பிரிப்பது வேலை, அதற்குக் கூலி வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லைக் கோட்டை ஆசிரியர்கள் மறந்தால், அது எந்தப் பிள்ளைகளின் தலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியும். தண்டனையாக ஒருநாளும் குப்பை எடுக்கச் சொல்லாதீர்கள்.

---

சாக்பீஸ் டீச்சர்

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் கேள்விக்கு உண்மையைச் சொல்கிறேன். கொட்டியது நான். பிரித்தது ஏழாம் வகுப்பில் ‘யார் வர்றீங்க?’ என்று கேட்டபோது எழுந்து வந்த ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார் யார் என்று நேற்று உட்கார்ந்து யோசித்தேன். நான் கூப்பிடவில்லை, அவர்களாக வந்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பிள்ளை தயங்காமல் எழுந்து வரும், எது உட்கார்ந்தே இருக்கும் என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கத் தவறிவிட்டேன். மன்னியுங்கள்.

இனிமேல் எங்கள் பள்ளியில் மூன்று விதி. தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வைக்கப் போகிறேன். தார்ப்பாயில் கொட்டிப் பார்ப்பது பாடத்துக்காக மட்டும், அதில் கை வைப்பது ஆசிரியர்கள்தான், இடுக்கியும் கையுறையும் போட்டு. பிள்ளைகள் சுற்றி நின்று எது எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். தொட்டிப் பக்கம் நின்று கவனிக்கும் பொறுப்பு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஒருவரும் விடுபடாமல். தண்டனைக்குக் குப்பை கிடையாது.

---

விசில்

உடற்கல்வி ஆசிரியை. இவ்வளவு பேசியும் ஒன்று விடுபட்டுவிட்டது: நாப்கின். ‘புதுயுகம்’ திட்டத்தில் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கிறோம், பிறகு அதை எங்கே போடுவது என்று சொல்லிக்கொடுக்க வெட்கப்படுகிறோம். கழிவறையில் போட்டு அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நீலத் தொட்டியின் அடியில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அதையும் அந்த மேஜை அக்காதான் கையால் எடுக்கிறாள்.

பழைய செய்தித்தாளில் சுருட்டி, மேலே சிவப்பு மையில் ஒரு பெரிய புள்ளி வைத்து, கழிவறைக்குள்ளேயே இருக்கும் மூடி போட்ட தனித் தொட்டியில் போட வேண்டும். எரிக்கும் கருவி இருந்து வேலை செய்தால் நல்லது. கத்தரித்த செய்தித்தாளை ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. சிவப்புப் புள்ளிக்கு அர்த்தம் என்ன என்று பையன்களுக்கும் சொல்லுங்கள். நான் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

---

பழைய பேப்பர்

உடைஞ்ச கண்ணாடி, பிளேடு, காம்பஸ் முள்ளு இதுக்கும் அதே செய்தித்தாள்தான். நாலஞ்சு சுத்துச் சுத்தி, ‘கண்ணாடி’ன்னு எழுதி, அந்த பெயின்ட் வாளியில போடுங்க. என் இடது கையில ஏழு தையல் இருக்கு, அதான் சொல்றேன்.

---

சாக்பீஸ் டீச்சர்

காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. எல்லாரும் சொன்னதைச் செய்து பார்த்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

தொட்டியில் இருந்த எழுத்தை அழித்து ‘ஈரம்’, ‘உலர்’ என்று எழுதினோம். பேச்சுப் போட்டி, உறுதிமொழி எதுவும் இல்லை. ஒரு சாக்குப்பையில் கழுவிக் காயவைத்த முப்பது பொருள். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கிக் காதருகே வைத்துக் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பேப்பர் கப் சோதனைதான் எல்லாவற்றிலும் பேசப்பட்டது. உரித்த பிளாஸ்டிக் தாளை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசிரியர் அறைக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மறுநாளிலிருந்து எவர்சில்வர் டம்ளர்.

பேரூராட்சி ஐயா சொன்ன மேஜையைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. அதனால் எங்கள் ஊர்த் தூய்மைக் காவலர் அக்காவை வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, பாடம் எடுக்கச் சொன்னோம். அவர் பேசியது பத்து நிமிடம்தான். சோறு சுருட்டிய கவரை அவிழ்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன் என்றார். மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாரம் கொட்டிப் பார்த்ததில் சோறு சுருட்டிய பாக்கெட் ஒன்றுகூட இல்லை. காலனித் தெரு அண்ணா, இடுக்கி என் கையில்தான் இருந்தது.

வில் தராசில் எடை போட்டு வாராவாரம் வரைபடம் வரைகிறோம், கணக்கு ஆசிரியர் பொறுப்பு. உலர் தொட்டியில் தவறாக விழுவது குறைந்திருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் மாற்றித்தான் போடுகிறார்கள், அவர்களுக்குத் தொட்டிமேல் பொருளையே ஒட்டி வைத்திருக்கிறோம். பிறந்தநாள் சாக்லேட் தாளுக்கு வழி கிடைக்கவில்லை. வேப்பமரத்தடி சார், உறை வைத்தாயிற்று, நாற்றம் வந்தது, சருகு போட்டோம், போய்விட்டது.

பழைய காகிதம் இதுவரை 23 கிலோ சேர்ந்தது. விற்ற காசு 276 ரூபாய். அதை என்ன செய்வது என்று பிள்ளைகள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த அக்காவுக்குத் தடிமனான கையுறை வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. அது ஊராட்சி வாங்கித்தர வேண்டியது என்று மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் ஒரு ஜோடி இவர்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி, பழைய பேப்பர் அண்ணாவுக்கு. முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால் நோட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். எப்படிக் கட்டி வைக்க?

---

பழைய பேப்பர்

மேல போட்டிருக்கிற பிளாஸ்டிக் அட்டையைக் கழட்டிருங்க. சுருள் கம்பி இருந்தா உருவித் தனியா வைங்க, அது இரும்பு விலை. எழுதாத தாளைக் கிழிச்சுத் தைச்சு ரஃப் நோட்டு ஆக்கிக்கங்க, அதை எங்களுக்குப் போடாதீங்க. மீதியைச் சணல் கயித்துல குறுக்கும் நெடுக்குமாக் கட்டுங்க, நைலான் வேண்டாம். தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல பலகை போட்டு வைங்க. ஏப்ரல்ல கோடை மழை வரும்.